இடது சக்கரத்து நட்டு

ரகுபதி அண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இருபத்தாறு வருஷமாகக் கார்களின் சக்கரங்களை நேர்செய்வதுதான் அவர் பிழைப்பு. ஆனால் யார் கூப்பிட்டாலும் அடுத்தவர் ஓட்டும் காரில் முன் சீட்டில் ஏற மாட்டார். சிங்கப்பூர் புக்கிட் மேராவில் எங்கள் பட்டறையிலிருந்து அவர் வீடு மூன்றே பஸ் நிறுத்தம். அதற்கும் பின்கதவுப் பக்கம்தான் நிற்பார். “அறுபதுக்கு மேல போனா வயித்தப் பெரட்டும்லா” என்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான் கேலி செய்வேன். என் பெயர் வைதேகி. அங்கே முன்மேசை என்னுடையது. போன் எடுப்பது, பில் போடுவது, கத்துகிற வாடிக்கையாளரிடம் பதிலுக்குக் கத்துவது, எல்லாம் நான்தான்.

அவர் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு சக்கரம் நூலளவு கோணினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு நட்டையும் முறுக்கி முடித்ததும் மஞ்சள் பெயின்ட் பேனாவால் அதன்மேல் ஒரு புள்ளி வைப்பார். புள்ளி இருந்தால் முறுக்கியாயிற்று என்று அர்த்தம். கடைசியில் எல்லாப் புள்ளியையும் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். நான் அதை வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும்.

போன வருஷம் ஆயுத பூஜை சமயத்தில் அழகப்பன் என்ற பல் டாக்டர் தன் காரைக் கொண்டுவந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே செய்த ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், இரண்டே சீட்டு, கூரை கிடையாது. இந்த ஊரில் அந்த மாதிரிப் பழைய காரை வருஷத்தில் சில நாட்கள்தான் ரோட்டில் ஓட்ட விடுவார்கள். மகள் கவிப்ரியாவுக்குத் தொடக்கப்பள்ளிக் கடைசிப் பரீட்சை முடிந்திருந்தது. அவளை அந்தக் காரில் மலேசியாவில் ஈப்போ வரைக்கும் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கார் இடது பக்கமே இழுக்கிறது என்றார்.

சக்கரம் அளக்கிற எங்கள் கம்ப்யூட்டர் மெஷின் அந்தக் கம்பிச் சக்கரத்தைப் பிடிக்கவே இல்லை. அண்ணன் காரைத் தூக்கியில் ஏற்றி, இரண்டு பக்கமும் நூல் கட்டி, அளவுகோலால் அளந்தார். ஓட்டுகிறவர் உட்கார்ந்தால் கார் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு அமுங்கியிருக்க வேண்டுமாம். டாக்டரின் எடையைக் கேட்டு, தேக்கா மார்க்கெட்டிலிருந்து மூன்று மூட்டை பொன்னி அரிசி வரவழைத்துச் சீட்டில் ஏற்றினார். வலது பக்கத்தை முடித்துப் புள்ளி வைத்தார். இடது பக்கம் அளவு சரியாக வந்து, ஸ்டியரிங் கம்பியை அந்த அளவில் பிடித்து வைக்கிற நட்டைக் கையால் திருகிக்கொண்டிருந்தபோது முதலாளி குரல் கொடுத்தார். “ரகு, நல்ல நேரம் முடியப் போகுது. வா, பூசைய முடிச்சிரலாம்.”

சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் என் கையில் இருந்தன. மெஷின், ஸ்பேனர், வேன், என் கால்குலேட்டர் என்று ஒன்றையும் விடவில்லை. தூக்கியில் நின்ற காருக்கு அடியிலும் குனிந்து போய், கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் சந்தனம் வைத்தேன். அப்பாவும் பிள்ளையும் தூரப் பயணம் போகிறார்களே என்றுதான் வைத்தேன். பிறகு பொங்கல், சுண்டல். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படங்களை எடுத்தார். சாயங்காலம் டாக்டர் வந்து, மறுநாள் காலையில் ஈப்போ கிளம்புவதாகச் சொல்லிக் காரை எடுத்துப் போனார்.

நான் அன்றைக்கே படத்தை அனுப்பியிருக்க வேண்டும். பாத்திரம் கழுவுகிற வேலையில் மறந்துபோனேன். மறுநாள் காலை பத்து மணிக்கு அனுப்பப்போனபோதுதான் பார்த்தேன். வலது நட்டில் மஞ்சள் புள்ளி. இடது நட்டிலும் மஞ்சள்தான், ஆனால் நடுவே சிவப்பாக இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். குங்குமம்.

அது பெயின்ட் இல்லை, நான் வைத்த சந்தனப் பொட்டு. போனை அண்ணனிடம் நீட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். முகம் சாம்பலாகிவிட்டது.

“நான் முறுக்கல வைதேகி. முறுக்கவே இல்ல.”

“முறுக்கலைன்னா?”

“ஓட ஓட லூசாகும். ஹைவேல ஒரு சக்கரம் ஸ்டியரிங் சொல்றத கேக்காது.”

டாக்டருக்கு ஐந்து தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. கூரையில்லாத காரில் அந்த இரைச்சலில் எப்படிக் கேட்கும்? ஈப்போ ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அந்தக் குட்டிக் கார் போவது கண்முன்னே வந்து நின்றது. முருகா, அந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசு. காரை விடும்போது டாக்டர் எழுதிய படிவத்தில் கவிப்ரியாவின் எண்ணும் இருந்தது. இரண்டாவது தடவை எடுத்தாள்.

“ஹலோ? அப்பா பெட்ரோல் போடறாங்க ஆன்ட்டி. டேங்க் முக்கால்வாசி இல்லன்னா பார்டர் தாண்ட விடமாட்டாங்கல்ல.”

“எங்கம்மா இருக்கீங்க?”

“ஜூரோங். அடுத்து துவாஸ் பார்டர்தான்.”

“அங்கயே நில்லுங்க. அப்பாவ காரத் தொடக்கூடாதுன்னு சொல்லு.”

எனக்கு லைசென்ஸ் இல்லை. வேனை அண்ணன்தான் ஓட்டினார். அறுபதைத் தாண்டாத மனுஷன் அன்று தொண்ணூறில் போனார்.

பெட்ரோல் நிலையத்தின் ஓரத்தில் காருக்கு அடியில் படுத்தார். நானும் குனிந்து பார்த்தேன். அந்த நட்டு அவர் இரண்டு விரலுக்குச் சுற்றியது. டாக்டரும் பார்த்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மகளின் தோளைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

“சார், தப்பு என் பேர்ல. பூசைக்கு அந்தச் சந்தனத்த வச்சது நான்தான்” என்றேன்.

“சந்தனம் வச்சது தப்பில்ல,” காருக்கு அடியிலிருந்து அண்ணன் குரல் வந்தது. “தொட்டுப் பாக்காம விட்டது நான்.”

நூல் கட்டி மறுபடி அளந்து, ஸ்பேனரால் முறுக்கி, எழுந்து, திரும்பவும் படுத்து இன்னொரு தடவை முறுக்கிப் பார்த்தார். மணி பன்னிரண்டாகிவிட்டது.

“முடிஞ்சிருச்சு சார்.”

டாக்டர் காரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். “மன்னிச்சிருங்க ரகுபதி. இனிமே என் பிள்ளைய இதுல எந்த தைரியத்துல ஏத்துவேன்? நீங்க முதல்ல ஏறுங்க. அவ சீட்டுல உக்காருங்க. எக்ஸ்பிரஸ்வேல ஒரு ரவுண்டு போவோம்.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அதற்குள் அண்ணன் ஏறிவிட்டார். பெல்ட்டின் கொக்கியைக் குத்திக் குத்திப் பார்த்தும் அவரால் மாட்ட முடியவில்லை. கவிப்ரியாதான் குனிந்து போட்டுவிட்டாள். கார் உறுமிக்கொண்டு போனது. நானும் அவளும் ஓரக்கல்லில் உட்கார்ந்தோம். வந்த ஒவ்வொரு ஆம்புலன்ஸ் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். இருபது நிமிஷம் உயிர் கையில் இல்லை.

திரும்பி வந்தபோது அண்ணன் சட்டை முழுக்க வேர்வை. இறங்கி, புல்வெளிப் பக்கம் போய் வாந்தி எடுத்தார். கவிப்ரியா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“ரொம்பப் பயமா இருந்துச்சா அங்கிள்?”

வாயைக் கொப்பளித்துத் துடைத்துக்கொண்டார். “எனக்கு எப்பவுமே பயம்தாம்மா. நூத்துப் பத்துல ரெண்டு கையையும் எடுக்கச் சொன்னேன் உங்கப்பாவ. கோடு போட்ட மாதிரி நேராப் போச்சு. நீ ஏறிக்கலாம்.”