மாரப்பன் மகனுக்கு ஒரு டிவி

தொண்ணூற்றைந்தாம் வருஷம் மாரப்பனுக்கு முப்பத்தெட்டு வயது. துடியலூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்துகொண்டு, கணபதி ஏரியாவில் லேத் பட்டறை வேலைக்குப் போய்வந்தார். பீடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, சம்பளத்தன்று வழி மாறிப் போகிற பழக்கமும் கிடையாது. இப்படிப்பட்ட மனிதருக்கு எங்காவது ஒரு கிறுக்கு இருந்தே தீரும். இவருக்கு அது வீடியோ கேம்.

காந்திபுரத்துக்கு பேரிங் வாங்கப் போன ஒரு நாள், மழைக்கு ஒதுங்கிய இடம் வீடியோ கேம் கடையாகப் போய்விட்டது. செங்கல் சுவர்களுக்கு நடுவே டாங்கிகள் ஒன்றையொன்று சுட்டுக்கொள்ளும் ஆட்டம். மழை விட்டபிறகும் மாரப்பன் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் ஆஜர். பின்னால் பள்ளிக்கூடப் பையன்கள் வரிசை கட்டி நிற்பார்கள். ஒரு நாள் அதில் ஒருவன், “மாமா, ஊட்டுல உங்களத் தேட மாட்டாங்களா?” என்று கேட்க, கடையே சிரித்தது. அதோடு அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டு, டவுன்ஹால் பிளாட்பாரத்தில் பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்றைப் பேரம் பேசி வாங்கிவிட்டார்.

வீட்டில் கலர் டிவி இருந்தது. மனைவி சாந்தாமணியின் அண்ணன் தாராபுரத்திலிருந்து சீராகக் கொண்டுவந்து வைத்தது. வீடியோ கேம் போட்டால் பிக்சர் டியூப் போய்விடும் என்று அந்தக் காலத்தில் ஊரே நம்பியது, படித்தவர்கள் உட்பட. சீர் டிவியைக் கெடுத்துவிட்டு மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது? அதனால் ஆட்டத்துக்கென்று தனியாக ஒரு பழைய டிவி வாங்குவது என்று முடிவு செய்தார். சாந்தாமணியிடம் சொன்னபோது அவள் சிரித்துக்கொண்டே, உங்களுக்கென்று ஒரு ஆசை இருக்கக் கூடாதா, வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். ஆக, வீட்டில் மறைக்க எதுவும் இல்லை. வினை கடையில்தான் வந்தது.

கோட்டைமேட்டில் ரசாக் பாய் பழைய டிவிகளைச் சரிசெய்து விற்றுக்கொண்டிருந்தார். கைராசிக்காரர் என்று பெயர். மாரப்பன் போனபோது கடையில் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வீடியோ கேம் போட டிவி வேண்டும் என்றதும் பாய் சிரித்த முகமாக, “பையனுக்குங்களாண்ணா?” என்று கேட்டார்.

எனக்குத்தான் என்று சொல்லியிருந்தால் யாரும் கடித்துத் தின்றிருக்க மாட்டார்கள். காந்திபுரத்துச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. மாரப்பன், “ஆமாங்க பாய்” என்றார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அவருக்குப் பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை.

பாய் அதற்குப்பிறகு அந்தப் பையனை விடவே இல்லை. ரிமோட் வைத்த புது மாடல் ஒன்றை மாரப்பன் ஆசையாகத் தடவிப் பார்க்க, அது வேண்டாம் என்றார். சிக்னல் கொஞ்சம் நடுங்கினாலும் அது திரையை நீலமாக்கிவிடும், பையன் ஆட்டத்தின் நடுவில் அழுவான். வெளிநாட்டு கேம் போட்டால் சில டிவியில் படம் உருளும். அதை நிறுத்துவதற்குப் பின்பக்கம் குமிழ் இருக்கிற பழைய செட்தான் சரி. இன்னொன்றை எடுத்து ஆண்டெனா சொருகும் இடத்தில் டெஸ்டர் வைத்துப் பார்த்து, லேசாகக் கரண்ட் இறங்குகிறது, குழந்தை கை வைக்கிற சாமான் என்று ஒதுக்கினார். கடைசியில் பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளை ஒன்றைப் போட்டு, வெளிச்சம் வர எத்தனை நேரம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்தார். டியூப் நன்றாக இருக்கிறது, கேம் போட்டு டியூப் போவதெல்லாம் சும்மா, ஒரே படத்தை மணிக்கணக்கில் நிறுத்தி வைக்காமல் இருந்தால் போதும் என்றார். வீடு எங்கே, பையன் எந்த வகுப்பு, கண்ணாடி போட்டிருக்கிறானா, எவ்வளவு தள்ளி உட்காருவான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மாரப்பன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். சொல்லச் சொல்லப் பொய் சுலபமாகிக்கொண்டு வந்ததுதான் அவருக்கே பயமாக இருந்தது. டிவியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது உடம்பெல்லாம் கூசியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் நின்றது. ரசாக் பாய். கவுண்டம்பாளையம்வரை ஒரு வேலையாக வந்தாராம், இந்தப் பக்கம் வோல்டேஜ் குறைவு, படம் உருளுமே என்று எட்டிப் பார்த்தாராம். கையில் ஒரு பை.

பாய் உள்ளே வந்து குமிழைத் திருகிப் படத்தை நிறுத்தினார். பிறகு பையிலிருந்து நீள வயர் வைத்த ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்தார். கடையில் சும்மா கிடந்ததாம், காசு வேண்டாமாம். ஒன்றை வைத்துக்கொண்டு அப்பனும் மகனும் எத்தனை நாளைக்கு மாற்றி மாற்றி ஆடுவது? அந்த நேரம் பார்த்து டீயோடு வந்த சாந்தாமணியிடம், “ஏனுங்கம்மணி, பையன் எங்கீங்க, காணோம்?” என்றார்.

சாந்தாமணி டம்ளரை நீட்டியபடியே நின்றாள். ஒரே ஒரு முறை மாரப்பனைப் பார்த்தாள். பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.

“மாமன் ஊட்டுக்குப் போயிருக்கானுங்க, தாராபுரத்துக்கு” என்றாள் அவள். “டீ ஆறிப்போகுதுங்க, குடிங்க.”

பாய் டீயைக் குடித்து, பையனைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

மாரப்பன் டிவி முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். சொந்தத்தில் வளைகாப்பு என்றால் சாந்தாமணி சமையல்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வாள். வளையல் தட்டை அவளிடம் நீட்டலாமா வேண்டாமா என்று யாரும் சங்கடப்படக் கூடாது என்பதற்காக. இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொன்ன பெரியப்பாவை வாசலோடு அனுப்பியவர் மாரப்பன். அவள்மேல் ஒரு சொல் விழ விட்டதில்லை என்று மனசுக்குள் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பதினோரு வருஷமாக ஊரார் செய்யாததை, நாலு பையன்கள் சிரித்ததற்குப் பயந்து அவர் செய்துவிட்டார். அவளையும் பொய் சொல்ல வைத்தாயிற்று. தன்னைப் பார்க்கத் தனக்கே அருவருப்பாக இருந்தது.

சாந்தாமணி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். அழுவாள், அல்லது நாலு வார்த்தை கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். கேட்டால் தேவலை என்றுகூட இருந்தது.

“எத்தனாவது படிக்கறதாச் சொல்லியிருக்கீங்க?” என்றாள்.

மாரப்பன் நிமிரவில்லை. “நாலாவது.”

“மறுக்கா வந்து கேட்டார்னா நானும் அதையே சொல்லோணுமில்லீங்க.” பிறகு கேட்டாள், “பேரு?”

“பேரு சொல்லலே. அவரு கேக்கலே.”

சாந்தாமணி பக்கத்தில் உட்கார்ந்து, தரையில் கிடந்த அந்த நீள வயரை மெதுவாகச் சுற்றி ஓரமாக வைத்தாள்.

“கேட்டாலும் பேரு மட்டும் வெச்சுப்போடாதீங்க” என்றாள்.