குஞ்சு பொரித்த குளிர்பெட்டி

முப்பத்தோர் ஆண்டுகளாகக் குளிர்பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்தவர் அவர். தெருவில் எல்லோரும் அவரைக் கூலிங்காரர் என்றே அழைத்தார்கள். பழுது நீக்கிய எந்தப் பெட்டியையும் ஒரு சோதனை செய்யாமல் அவர் உரியவரிடம் ஒப்படைத்ததில்லை. செய்தித்தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டைக் கிழித்துக் கதவிடுக்கில் வைத்து மூடுவார். பிறகு அதை மெல்ல இழுத்துப் பார்ப்பார். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையை மாற்றாமல் விடமாட்டார். மேலும் கீழுமாகப் பன்னிரண்டு இடங்களில் இப்படி இழுத்துப் பார்க்கும்வரை வீட்டுக்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பார்கள். உள்ளே இருக்கும் குளிர் வெளியே போகக்கூடாது. வெளியே இருக்கும் காற்று உள்ளே வரக்கூடாது. அவருடைய தொழிலின் வேதம் அவ்வளவுதான்.

ஒருமுறை ஒரு வீட்டில், நாட்காட்டி மாட்டுவதற்காகக் குளிர்பெட்டியின் பக்கவாட்டில் ஆணி அடித்திருந்தார்கள். அதைக் கண்டு அவர் கூலி வாங்காமலேயே எழுந்து வந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, "உடம்புல ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி தையற்காரி. கூடத்தின் ஒரு பாதியில் அவருடைய தையல் இயந்திரம் ஓடும். மறுபாதியில் கணவரின் செத்த மோட்டார்கள் அடுக்கிக் கிடக்கும். "நாளெல்லாம் நானும்தான் துணிய ஊசியால குத்துறேன். அதுக்கென்ன, அழுதுகிட்டா இருக்கேன்?" என்று சொல்லிவிட்டு அவர் நூலைப் பல்லால் கடித்தார்.

இப்படிப்பட்ட மனிதர் குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்யப் புகுந்ததற்கு அவருடைய அண்ணிதான் காரணம். ஊருக்கு வெளியே கோழி வளர்த்துவந்த அண்ணி, ஒரு நாள் சாப்பிட வந்த இடத்தில், கோழிகள் முட்டையிடுகின்றனவே தவிர அடைகாக்க ஒன்றுக்கும் பொறுமையில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். கூலிங்காரர் கையைக் கழுவிக்கொண்டே, குளிர வைக்கத் தெரிந்தவனுக்குச் சூடாக்கத் தெரியாதா என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகு பின்வாங்க முடியுமா?

அவருக்குக் கடையாகவும் இருந்த கூடத்தின் மூலையில், உரியவர் கைகழுவிவிட்டுப் போன ஆளுயரக் குளிர்பெட்டி ஒன்று கிடந்தது. மோட்டார் போய்விட்டது, உடம்பு மட்டும் யானை போல் திடமாக இருந்தது. அவர் அதன் கண்ணாடித் தட்டுகளைக் கழற்றிவிட்டுக் கம்பி வலைத் தட்டுகளைப் பொருத்தினார். அடியில் நாற்பது வாட்டு பல்புகள் நான்கு, சூட்டை எங்கும் சமமாகப் பரப்ப ஒரு பழைய கணினியின் விசிறி, ஈரப்பதத்துக்கு ஒரு தட்டு நிறையத் தண்ணீர், சூடு முப்பத்தேழரை டிகிரியைத் தாண்டினால் பல்புகளை அணைத்துக் குறைந்தால் ஏற்றும் கருவி ஒன்று. இறுதியில் கதவுக்குப் புத்தம்புதிய ரப்பர் பட்டை போட்டுப் பன்னிரண்டு இடங்களிலும் காகிதத்தை இழுத்துப் பார்த்தார். ஓரிடத்திலும் அது அசையவில்லை. மனிதர் உச்சி குளிர்ந்துபோனார்.

சந்தையிலிருந்து வாங்கி வந்த முப்பது நாட்டுக்கோழி முட்டைகளை உள்ளே அடுக்கினார். நாளுக்கு மூன்று முறை கதவைத் திறந்து முட்டைகளைத் திருப்பி வைத்தார். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு திருப்பக்கூடாது, ஈரம் போய்விடுமாதலால் கதவையும் திறக்கக்கூடாது என்று படித்திருந்ததால், அன்றோடு மூடிவைத்தார். இருபத்தோராம் நாள் வந்து பார்க்கும்படி தெருவில் பாதிப் பேரிடம் சொல்லியிருந்தார். அவர்களும் வந்தார்கள். இருபத்துமூன்றாம் நாள் வரை வந்தார்கள். ஒரு குஞ்சு கூட எட்டிப் பார்க்கவில்லை.

"என்ன கூலிங்காரரே, பழக்க தோஷத்துல முட்டையக் கெடாம வச்சிருக்கீங்களா?" என்று பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் கேட்டார். அந்தக் கேள்வி மாலைக்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

கேலியை அவர் பொருட்படுத்தவில்லை. முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்ததுதான் அவரை வாட்டியது. உள்ளே குஞ்சுகள் முழுதாக வளர்ந்திருந்தன. நகம் இருந்தது, அலகு இருந்தது, நனைந்த மயிர் இருந்தது. எல்லாம் இருந்தும் வாசல்வரை வந்து செத்திருந்தன. எங்கே பிழை என்று அவருக்கு விளங்கவில்லை. தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டுப் பெட்டியின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினார்.

அதிலிருந்து நான்காம் நாள் காலையில் அண்ணி வந்து நின்றார். கையில் உமி நிரப்பிய கூடை. உமிக்குள் நாற்பத்திரண்டு முட்டைகள். அவருடைய கோழிகள் சாதாரணக் கோழிகள் அல்ல. கழுத்தில் இறகே முளைக்காத வகை. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கிய இனம். முந்தின நாள் விடியற்காலையில் தெருநாய்கள் கம்பி வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே புகுந்துவிட்டன. சேவல்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியவை விற்பதற்காக எடுத்து வைத்திருந்த ஆறு நாள் முட்டைகள்தாம். அண்ணி அழவில்லை, அழுது முடித்துவிட்டு வந்திருப்பது கண்களில் தெரிந்தது.

"தம்பி, இதுல இருக்கிறதுதான் மொத்தமும். இன்னும் மூணு நாளுக்குள்ள சூட்டுல வைக்கணும். அதுக்கு மேல போனா ஒண்ணும் தேறாது."

கூலிங்காரர் தலையைக் குனிந்துகொண்டார். போன தடவை நடந்ததைச் சொல்லி, வேறு எங்காவது அடைக்கோழி கிடைத்தால் அதன் அடியில் வைப்பதே நல்லது என்றார். நாற்பத்திரண்டு முட்டைக்கு நான்கு அடைக்கோழிகள் வேண்டும். அதற்காக நேற்று முழுக்கத் தேடியதாகவும் அகப்பட்டது ஒன்றே ஒன்று என்றும், அதுவும் தம்மைக் கொத்திவிட்டது என்றும் அண்ணி மணிக்கட்டைக் காட்டினார். பிறகு போர்வையை இழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியைக் காட்டச் சொன்னார்.

அவர் காட்டினார். காட்டக் காட்ட அவருக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. சூடு சரியாக இருந்தது, ஈரம் சரியாக இருந்தது, விசிறி சரியாக ஓடியது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். கடைசியாகக் காகிதத்தை வைத்துக் கதவை மூடி இழுத்துக் காட்டினார்.

"பாத்தீங்களா அண்ணி? ஒரு எறும்புகூட உள்ள போக முடியாது."

"எறும்பு போக வேணாம் தம்பி. காத்து எது வழியாப் போகும்?"

அண்ணி கதவைத் தட்டினார்.

"கோழி முட்டைமேல உக்காருதே, பசை போட்டா உக்காருது? ஓட்டுக்குள்ள இருக்கிறதும் மூச்சு விடுது. வளர வளர நிறைய விடுது."

அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி அவருக்குத் தெரிந்தது. பதினெட்டு நாள்வரை, திருப்பி வைப்பதற்காகத் திறந்தபோதெல்லாம் காற்றும் போயிருக்கிறது. குஞ்சுகளுக்கு மிகுதியான காற்று தேவைப்பட்ட அந்தக் கடைசி மூன்று நாள்களில்தான் அவர் கதவை இறுக மூடி வைத்திருந்தார். வேறு யார் செய்த பெட்டியானாலும் எங்காவது ஓர் இடுக்கு இருந்திருக்கும். ஒன்றிரண்டு குஞ்சுகளாவது பிழைத்திருக்கும். அவருடைய கைத்திறன்தான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

தையல் இயந்திரம் நின்றது. மனைவி எழுந்து போய்த் துளையிடும் கருவியை எடுத்து வந்து நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டார், வாங்கிக்கொண்டு பெட்டியின் பின்புறம் போய் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். பல் பிடுங்க வந்த பிள்ளைபோல் ஒரு முறை தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"ஏங்க, மனசு வரலன்னா குடுங்க. நான் குத்துறேன். எனக்குப் பழக்கம்தான்" என்றார் மனைவி.

அதற்குமேல் அவர் தாமதிக்கவில்லை. சுண்டுவிரல் நுழையும் அளவில் கீழே நான்கு துளைகள், மேலே நான்கு துளைகள். முதல் துளை விழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். எட்டாவது துளையின்போது இன்னும் ஒன்று போடலாமா என்று கேட்டார். அண்ணி போதும் என்றார்.

துளை போட்டதும் சூடு கலைந்தது. கீழ்த்தட்டில் இரண்டு டிகிரி குறைந்தது, மேல்தட்டில் ஏறியது. விசிறியை இடம் மாற்றினார். ஒரு பல்பை உயர்த்தினார். துளைகளின்மேல் நகர்த்தித் திறக்கும்படி தகர மூடிகள் வைத்தார். இரண்டு பகல்கள் அதற்கே போயின. மூன்றாம் நாள் நண்பகலில் எல்லாத் தட்டுகளிலும் ஒரே சூடு நின்றது. அண்ணி ஒவ்வொரு முட்டையாக எடுத்துக் கொடுக்க, மனைவி தையல் சுண்ணாம்பால் ஒரு பக்கம் கோடும் மறுபக்கம் வட்டமும் போட்டார். எந்தப் பக்கம் திருப்பியாயிற்று என்று குழப்பம் வரக்கூடாதல்லவா?

அண்ணி தம் வீட்டுக்குத் திரும்பவில்லை. அண்ணனைக் கம்பி வலையைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு, கூடத்திலேயே ஒரு பாயை விரித்துக்கொண்டார். முட்டை திருப்பும் வேளை தவறினால் வீடு இரண்டுபட்டது. எட்டாம் நாள், சன்னலை மறைத்த சிற்றறையில் முட்டைகளை ஒவ்வொன்றாகக் கைவிளக்கின்மேல் வைத்துப் பார்த்தார்கள். ஓட்டுக்குள் சிவந்த நரம்புகள் சிலந்திவலைபோல் ஓடின. நடுவே ஒரு கரும்புள்ளி துள்ளியது. முப்பத்தாறில் உயிர் இருந்தது. கூலிங்காரர் முதல் முட்டையைக் கீழே வைக்க மனமில்லாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். குஞ்சுக்குக் கண் கூசும் என்று சொல்லி அண்ணி பிடுங்கிக்கொண்டார்.

பதினெட்டாம் நாள் கதவு மூடப்பட்டது. துளைகள் எட்டும் முழுதாகத் திறந்திருந்தன. அவருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரு வீட்டுக்குப் பழுதுபார்க்கப் போய்ச் சாவியை அங்கேயே விட்டுவிட்டு, அவர்களுடைய குடையை எடுத்துக்கொண்டு வந்தார். திறந்து ஒரே ஒரு முறை பார்க்கலாமா என்று இருபதாம் நாள் காலையில் அண்ணியிடம் மெல்லக் கேட்டார்.

"தொட்டீங்கன்னா கைய ஒடிச்சிருவேன், தம்பி" என்றார் அண்ணி, மிகுந்த அன்போடு.

பெட்டிக்குக் கண்ணாடியும் இல்லை. வேறு வழியின்றி அவர் பின்புறம் போய்க் குந்தி, கீழ்த்துளை ஒன்றில் காதை வைத்தார். விசிறியின் ஓசை கேட்டது. அதற்குள்ளே, மிக மெலிதாக, யாரோ ஈரவிரலால் கண்ணாடியைத் தேய்ப்பதுபோல் ஒரு கீச்சொலி. அவர் மூச்சை அடக்கினார். இன்னொன்று அதற்கு மறுமொழி சொன்னது.

அவர் கையை மட்டும் ஆட்டி அழைத்தார். மனைவி ஒரு துளையைப் பிடித்துக்கொண்டார். பருத்த உடம்புக்காரரான அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட்டு அடுத்த துளையில் காதை வைத்தார். மூவரும் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே நெருக்கியடித்துக்கொண்டு கிடந்த நேரத்தில், தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த பெண்மணி, கூடத்தில் ஆளே இல்லை, பெட்டிக்குப் பின்னால் ஆறு கால்கள் மட்டும் தெரிகின்றன என்று திகைத்து நின்றார். அவருக்கும் ஒரு துளை கிடைத்தது. நண்பகலுக்குள் பூட்டுக்காரரும் வந்து மேல்துளையில் காது வைத்தார். "உள்ள ஒரு கல்யாணமே நடக்குது" என்று அவர் சொல்ல, இம்முறையும் அது மாலைக்குள் தெருமுனையைத் தாண்டியது.

மறுநாள் பிற்பகலில் அண்ணி உத்தரவு கொடுத்தார். கூலிங்காரர் கதவைத் திறந்தார். வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. ஓடுகள் சிதறிக் கிடந்தன. அவற்றின்மேல் சில குஞ்சுகள் பஞ்சுபோல் உலர்ந்து நின்றன. சில நனைந்த துணிபோல் துவண்டு கிடந்து மூச்சு வாங்கின. ஒன்று பாதி ஓட்டைத் தலையில் சுமந்துகொண்டு அவரைப் பார்த்து அதட்டியது. முப்பத்துமூன்று. அண்ணி ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். இருபத்தைந்து வரை எல்லாவற்றுக்கும் கழுத்து மொட்டையாக இருந்தது. இருபத்தாறாவதைத் தடவும்போது கண்ணீர் மறைத்துவிட்டதால் மீதியை மனைவி எண்ணினார்.

குஞ்சுகள் நன்றாக உலர்ந்த பிறகு, அடுத்த நாள் காலை, அட்டைப்பெட்டி ஒன்றில் அவற்றை வைத்துக்கொண்டு கூலிங்காரரும் அண்ணியும் பேருந்தில் ஏறினார்கள். வண்டி நகர்வதற்கு முன்பே எல்லோருடைய தலையும் திரும்பிவிட்டது. எந்தக் கோழி பொரித்தது என்று முன் இருக்கைப் பெரியவர் கேட்டார்.

"கோழியா? இதோ உக்காந்திருக்காரே, எங்க தம்பி. இவர்தான் பொரிச்சார்" என்றார் அண்ணி.

பேருந்து முழுதும் சிரித்தது. அண்ணி விடவில்லை. நாய் வந்ததிலிருந்து தொடங்கினார். நாய்கள் நான்கு என்று வீட்டில் சொன்னவர், இங்கே ஒன்பது என்றார். துளை போட்ட இடம் வந்ததும், தம்பி ஒரு நொடிகூடத் தயங்காமல் கருவியை எடுத்துப் படபடவென்று எட்டுத் துளைகளையும் போட்டதாகக் கையால் நடித்துக் காட்டினார். கூலிங்காரர் திருத்த வாயெடுத்தார். பிறகு அந்தக் கதையில் வரும் ஆளைத் தமக்கும் பிடித்துப்போகவே பேசாமல் இருந்துவிட்டார்.

குஞ்சுகள் ஓட்டை உடைக்கும் இடத்துக்குக் கதை வந்தபோது, அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோயிற்று. இருவரும் பார்த்தார்கள், இருவருமே எழுந்திருக்கவில்லை. இரண்டு நிறுத்தங்கள் தள்ளிக் கதை முடிந்ததும் இறங்கி, முப்பத்துமூன்று குரல்களும் ஒன்றாகக் கத்திக்கொண்டு வர, வெயிலில் திரும்பி நடந்தார்கள்.