வலக்கைக்கு ஒரு சின்ன வேலை

தலைக்கவசத்தின் கம்பிகளுக்கு இடையில்தான் என் அத்தான் அழுததை முதன்முதலாகப் பார்த்தேன். திருத்தங்கலில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்திருந்தோம். கெண்டோ என்கிற ஜப்பானிய வாள் பயிற்சிக்கான கவசத்தை மாட்டிக்கொண்டு நான் நின்றேன். எதிரே மூங்கில் வாளோடு அக்காவின் கணவர். பத்து மாதமாக ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்காத வலக்கையைக் கைப்பிடியில் ஒப்புக்கு வைத்துக்கொண்டு, இடக்கை பலத்தில் வாளை உயர்த்தி, என் உச்சந்தலையில் ஓங்கி ஒன்று போட்டார். காது இரண்டும் கிண்ணென்றன. "விழுந்துச்சா மாப்ள?" என்று கேட்டார். "நல்லாவே விழுந்துச்சு அத்தான்" என்றேன். வாளைத் தாழ்த்தாமல் அப்படியே நின்று அழுதார்.

அத்தான் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். வெடிக்குள் போகும் பொடிகளைப் பதம் பார்த்துச் சலித்துக் கலக்குவது அவர் வேலை. ஆட்கள் கூடி வேலை பார்க்கிற இடத்திலிருந்து தள்ளி, தனியாக ஒரு சின்ன அறை அதற்கு. ஒரு நாள் பொடி பற்றிக்கொண்டதில் வலக்கை வெந்துபோனது. உயிர் பிழைத்தார். ஆனால் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளங்கைப் பக்கம் மடங்கிவிட்டன. அக்கா தீக்காய வார்டில் நர்ஸ். மாதக்கணக்கில் அந்தப் புண்ணைக் கழுவிக் கட்டியவள் அவள்தான். அத்தான் வீடு திரும்பிய அன்றைக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். என்ன வேலைக்கு வேண்டுமானாலும் போகட்டும், அந்த ரூமுக்கு மட்டும் இனி போகக் கூடாது. அத்தானும் சரியென்றார். அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை, அந்தக் கையோடு அவரை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஓர் அச்சகத்தின் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. விபத்துக்கு முன்னால் அவர் சிலம்பக்காரர். கம்பு சுற்றுவார், சுருள்வாள் வீசுவார். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்குக் காரியாபட்டி வரைக்கும் போய் ஆடிக் காட்டிவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் நாற்காலியில் வலக்கையைத் துண்டுக்கு அடியில் மறைத்துக்கொண்டு, லோடு வண்டி வரும்போது இடக்கையால் கேட்டைத் தள்ளுவார். யாராவது கை கொடுக்க வந்தால் கும்பிடு போடுவதுபோல் தலையை மட்டும் அசைப்பார்.

நான் அப்போதுதான் பெங்களூரிலிருந்து திரும்பியிருந்தேன். அங்கே ஆஃப்செட் மெஷின் பொருத்தும் வேலையில் இருந்த வருடங்களில் ஞாயிறுதோறும் ஒரு ஹாலில் கெண்டோ பழகினேன். வரும்போது ஒரு செட் கவசமும் இரண்டு மூங்கில் வாளும் கொண்டு வந்தேன். அதைவிட அதிகமாகப் பேச்சைக் கொண்டு வந்தேன். கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோரிடமும் கெண்டோவின் பெருமையை அளந்தேன். "சப்பான்காரன் ஆரம்பிச்சுட்டான்" என்று அக்கா எழுந்து போய்விடுவாள்.

நான் மற்ற கலைகளை மட்டம் தட்டவில்லை, அவற்றுக்கும் அழகு உண்டு. சுருள்வாள் வீசுகிறவனைப் பார்க்கக் கண் கூசும். ஆனால் அவனுடைய வட்டத்துக்குள் இன்னொருவன் வர முடியாது. உறையிலிருந்து இரும்பு வாளை உருவிப் பழகும் இன்னொரு ஜப்பானியக் கலை இருக்கிறது. அதில் எதிராளி பெரும்பாலும் மனசுக்குள்தான் நிற்பான். மனசுக்குள் நிற்கிறவனை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். ஃபென்சிங்கில் நிஜமான ஆள் எதிரே உண்டு, வேகமும் உண்டு. ஆனால் அங்கே நுனி பட்டதை விளக்கு எரிந்து சொல்லிவிடுகிறது. கெண்டோவில் உயிரோடு நிற்கும் ஒருவனை முழுப் பலத்தோடு அடிக்கலாம், கவசம் அவனைக் காப்பாற்றிவிடும். வாளும் காலும் குரலும் ஒரே நொடியில் சேர்ந்து விழுந்தால்தான் புள்ளி. மனசு வேறெங்கோ இருந்தால், அடி பட்டும் பயனில்லை. இதையெல்லாம் இன்றைக்கும் என்னால் மூச்சுவிடாமல் சொல்ல முடியும். அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அத்தானை இந்தப் பேச்சு எதுவும் அசைக்கவில்லை. கையைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். கம்பு சுற்ற இரண்டு மணிக்கட்டும் சுழல வேண்டும். ஃபென்சிங்கை இடக்கையால் ஆடலாம்தான். ஆனால் வலக்கை பின்னால் சும்மா இருக்கும், சும்மா இருப்பதுதானே அவருக்கு வியாதியே. கெண்டோவில் பலமெல்லாம் இடக்கையில், அதிலும் சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும். மேலே இருக்கும் வலக்கை வழிகாட்டினால் போதும். அது இறுக்கிப் பிடித்தால்தான் தப்பு. "வலக்கைக்கு ஒரு சின்ன வேலைதான் அத்தான். கூடப் போறது, அம்புட்டுத்தான்" என்றேன். அவர் துண்டை விலக்கித் தன் கையை வெகுநேரம் பார்த்தார். "கூடப் போனாப் போதுமா?" என்றார்.

கவசம் ஒன்றுதான் இருந்தது. அதனால் எப்போதும் அடிக்கிறவர் அவர், அடி வாங்குகிறவன் நான். வாரம் ஒரு நாள் என்பது நான்கு நாளானது. அடிக்கும்போது வயிற்றிலிருந்து கத்த வேண்டும் என்றேன். அவர் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, "மச்சானும் மாப்ளையும் அங்கன என்ன சண்டை போடுறீக?" என்று கீழிருந்து சத்தம் போட்டார். வலக்கை முதலில் கைப்பிடியில் ஒட்டிக் கிடந்தது. பிறகு கட்டைவிரல் வளைந்தது. நாலைந்து மாதத்தில் ஆள்காட்டி விரல் தனியாக அசைந்தது. ஒரு கல்யாணப் பந்தியில் அவர் வலக்கையால் சோறு பிசைந்து சாப்பிட்டதைப் பார்த்துவிட்டு, பரிமாறிக்கொண்டிருந்த அக்கா சாம்பார் வாளியோடு அடுக்களைக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏலே, உன் சப்பானு நல்லா இருக்கட்டும்லே" என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

கெண்டோவில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்றுண்டு. அடித்தவன் அடித்த பிறகும் எதிராளியைவிட்டுக் கவனத்தை எடுக்கக் கூடாது. குதித்துக் கையைத் தூக்கிக் கொண்டாடினால் கொடுத்த புள்ளியைப் பறித்துவிடுவார்கள். அத்தானிடம் இதைச் சொன்னபோது, "அடிச்சவன் சிரிக்கக் கூடாதா? என்ன வெளையாட்டு மாப்ள இது" என்று சிரித்தார். அன்றைக்கு அவர் அடித்த ஐந்தாறு அடிகளை வீடியோ எடுத்தேன். அன்று சாயங்காலமே, "அத்தானுக்குக் கை திரும்ப வந்துருச்சு" என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். விதியை வாய் வலிக்கச் சொன்னவன் கொண்டாடாமல் இருக்கவில்லை.

அதைப் பார்த்தவர்களில் ஒருவர் பழைய கம்பெனியின் ஃபோர்மேன். மறுநாள் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். கெட்ட மனிதர் அல்ல. அத்தானின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "கை சரியாயிருச்சே அண்ணாச்சி! சீசன் வந்துருச்சு, ஆர்டர் நெறைய கெடக்கு, கலக்க ஆளில்லாமத் தவிக்கோம். உங்களை மாதிரி பதம் தெரிஞ்சவுக யாரு இருக்கா?" என்றார். அத்தானின் முகத்தைப் பார்த்தேன். மாடியில் முதல் அடி விழுந்தபோது இருந்த அதே முகம். தன்னை ஒருவர் வேலை தெரிந்தவராகக் கூப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று.

அக்கா அத்தானின் காலில் விழாத குறை. "உங்களைக் கும்புடுதேன், அந்த ரூமுக்குப் போகாதீக." "எம்புட்டு நாளைக்கு அடுத்தவன் கேட்டத் தொறந்து மூடுறது? கைதான் வந்துருச்சுல்ல?" என்றார் அத்தான். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உண்மை தெரியும். அந்தக் கை கூடப் போகப் பழகிய கை. தானாக ஒன்றைப் பிடித்து நிறுத்தப் பழகியதல்ல. சூடும் அழுத்தமும் இன்னும் அதற்குத் தெரியாது. இதைச் சொல்ல வேண்டியவன் நான்தான். சொன்னால் நான் போட்ட ஸ்டேட்டஸ் பொய்யாகிவிடும், அவருடைய முகமும் மறுபடி துண்டுக்குள் போய்விடும். "இந்த ஒரு சீசன் மட்டும் போகட்டும்க்கா" என்றேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை ஒன்பதரை மணிக்குச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டதும் எல்லோரும் அவரவர் வீட்டு ஆளுக்கு ஃபோன் போடுவார்கள். நான் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எப்படி நடந்தது என்று யாருக்கும் தெரியாது, அந்த அறையில் அவர் ஒருவர்தான் இருந்தார். கை நழுவியதா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. பழைய காயத்தில் ஒட்டியிருந்த விரல்களை வைத்துத்தான் அக்கா அடையாளம் சொன்னாள். நர்ஸ் சொல்வதுபோலவே, நிதானமாக, எந்த விரலோடு எந்த விரல் என்று சொன்னாள்.

அடக்கம் முடிந்து பல நாட்கள் அவள் என்னோடு பேசவில்லை. ஒரு நாள் தட்டில் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கையை நீ அப்படியே விட்டிருக்கலாம்ல. கேட்டுலயாச்சும் உக்காந்திருப்பாக." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மடங்கிய கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் அவமானம் என்று நினைத்தேன். அக்காவுக்கு அந்தக் கைதான் வேலியாக இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கிப் போட்டவன் நான். கெண்டோவில் என்ன நல்லது என்று இப்போது யாராவது கேட்டால், அது ஒரு மனிதனுக்குக் கையைத் திருப்பிக் கொடுக்கும் என்றுதான் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்வதில்லை.

அக்கா இன்னும் அதே வார்டில்தான் இருக்கிறாள். போன வாரம் அவளுக்குச் சாப்பாடு கொண்டு போனபோது, ஆலங்குளம் பக்கத்து ஆள் ஒருவருக்குக் கைப்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். மடங்கிப் போன விரல்களை ஒவ்வொன்றாக எண்ணெய் தொட்டு நீட்டிவிட வேண்டும். அவர் வலியில் பல்லைக் கடித்தபடி, "சீசனுக்குள்ள சரியாயிருமா சிஸ்டர்?" என்று கேட்டார். அக்கா நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஆயிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த விரலைப் பிடித்தாள்.