அருளப்புவின் பெயர் எந்தப் பக்கம்?

சிசிலியா பயந்தாங்கொள்ளி என்பது யாழ்ப்பாணத்து மயிலிட்டி முழுக்கத் தெரிந்த சங்கதி. கலியாணமான புதிதில் தேங்காய் விழுந்த சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே பூந்தவள் என்று புருஷன் அருளப்புவே கடற்கரை மீன்வாடியெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறான். எண்பத்தாறாம் ஆண்டிலோ பயப்படாத ஆளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து ஷெல் வரும். தலைக்கு மேலே ஹெலி சுற்றும். கடலுக்குப் போனால் நேவியின் ரோந்துப் படகு. அருளப்பு மட்டும், "மீன் வந்து எங்கடை கதவைத் தட்டாது" என்று சொல்லிவிட்டு வள்ளத்தைத் தள்ளுவான்.

அந்த ஆனி மாதத்தில் ஒருநாள் அவன் தனியாகப் போன திசையில் வெடிச்சத்தம் கேட்டது. மறுநாள் வள்ளம் ஆளில்லாமல் தொண்டைமானாற்றுப் பக்கம் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. பிடித்துக்கொண்டுபோய்த் தெற்கே சிறையில் போட்டிருக்கிறார்கள் என்றார்கள் சிலர். கடல் கொண்டுபோய்விட்டது என்றார்கள் மற்றவர்கள். இரண்டு கூட்டமும் கண்ணால் கண்டதுபோலத்தான் கதைத்தது.

சிசிலியா முதல் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டாள். அந்தோனியாருக்குச் செவ்வாய்க்கிழமைகளில் ஒருசந்தி விரதம் இருந்தாள். பொழுதுபட்டதும் மகள் றீற்றாவை இருத்தி வைத்துச் செபமாலை சொன்னாள். செபமாலை முடிய, உயிரோடு இருக்கிறவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லும்போது அருளப்புவின் பெயரைத்தான் முதலில் எடுப்பாள். அதற்குப் பிறகு, செத்து உத்தரிக்கிற தலத்து நெருப்பில் மோட்சத்துக்குக் காத்திருக்கிற ஆத்துமங்களுக்காக இன்னொன்று சொல்ல வேண்டும். அது சின்ன வயதிலிருந்து வந்த வழக்கம். அங்கேதான் அவளுடைய வாய் பூட்டிக்கொண்டது. செத்தவர்களுக்காக என்று தொடங்கினால், எங்கேயோ ஒரு மூலையில் அவனும் அதற்குள் விழுந்துவிடுவானோ என்று பயம். "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று அவசரமாகச் சிலுவை போட்டுவிட்டு எழும்பிவிடுவாள். பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும்கூட அந்த வீட்டில் செபம் நின்று போயிற்று.

வேலிக்கு அந்தப் பக்கம் அருளப்புவின் அக்கா பெர்னடெட் இருந்தாள். கிடுகு வேலிக்குக் காது உண்டு. தம்பி பெண்சாதியின் செபம் ஒவ்வொரு நாளும் குறையிலே நிற்பது அவளுக்குக் கேட்காமல் போகுமா? ஒருநாள் பொறுக்க மாட்டாமல் வந்து முற்றத்தில் நின்றாள்.

"எடியே, என்ரை தம்பி செத்திருந்தால் அவனுக்கு ஆர் செபிக்கிறது? உன்ரை பயத்துக்காக அவன் நெருப்பிலை கிடந்து வேகவேணுமோ?"

"அவர் சாகேல்லை மச்சாள்."

"உனக்கு ஆர் சொன்னது?"

மச்சாளின் சொல் முள்ளுப்போலச் சிசிலியாவுக்குள்ளே போய் இருந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவனைச் செத்தவன் என்று சொன்னால், அது தன் கையாலேயே அவனைக் கடலில் தள்ளுவது. செத்தவனை உயிரோடு இருக்கிறான் என்று வைத்திருந்தால், அவன் அந்த நெருப்புக்குள் நின்று, வீட்டிலிருந்து ஒரு செபமாவது வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஷெல்லுக்கென்றால் பங்கருக்குள் போகலாம். இந்தப் பயத்துக்கு எங்கே போவது?

கார்த்திகை வந்தது. மரித்தவர்களின் மாதம். ஊரே சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தியது. சிசிலியா தலையிடி என்று வீட்டில் இருந்துகொண்டாள். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனபோதுதான் வினை காத்திருந்தது. பூசை தொடங்குமுன் சுவாமியார், அன்றைய பூசை யாருக்காக என்று துண்டில் எழுதியிருந்த கருத்துகளை வாசித்தார். "மரித்த அருளப்புவின் ஆத்தும இளைப்பாற்றிக்காக, சகோதரி பெர்னடெட் ஒப்புக்கொடுக்கும் பூசை" என்றார்.

தேங்காய்ச் சத்தத்துக்கு ஒளித்தவள் எழும்பி நின்றாள். "சுவாமி, அவர் சாகேல்லை! வாசியாதேயுங்கோ!"

கோயில் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. சுவாமியார் இளம் ஆள், ஊருக்குப் புதியவர். அவர் பெர்னடெட்டைப் பார்த்தார், சிசிலியாவைப் பார்த்தார், துண்டைப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு வேறு கருத்துக்கு அந்தப் பூசையை வைத்தார். பெர்னடெட் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு பாதியில் வெளியே போய்விட்டாள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

வென்றுவிட்டாள் என்று ஊர் நினைத்தது. சிசிலியாவோ வீட்டுக்கு வந்து குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். அவன் செத்திருந்தால், அவனுக்கென்று வந்த ஒரேயொரு பூசையையும் தட்டிப் பறித்தது அவள்தானே! கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டவிடாமல் பண்ணிவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஆண்டவரே, ஒரு வார்த்தை சொல்லும். ஓம் எண்டாலும் சரி, இல்லை எண்டாலும் சரி" என்று மன்றாடினாள்.

அடுத்த ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தது. இந்திய ஆமி இறங்கியது. சிறையில் இருந்தவர்களை விடுகிறார்கள், பஸ் யாழ்ப்பாணம் டவுனுக்கு வருகிறது என்று கதை பரவியது. மற்றப் பெண்கள் ஓடினார்கள். சிசிலியா போகவில்லை. ஆண்டவரிடம் கேட்ட மறுமொழி வாசலுக்கு வரும்போது அதைப் பார்க்கத் துணிவில்லை. போகாமல் இருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் அவன் உயிரோடு இருப்பான் அல்லவா?

அப்போது பெர்னடெட் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். தோய்த்து மடித்த சேலை, கையில் ஒரு பை. "எழும்படி. நானும் வாறன்" என்றாள். அவ்வளவுதான் சமாதானம்.

டவுனில் கால் வைக்க இடமில்லை. மெலிந்து கறுத்த ஆண்கள் பஸ்ஸிலிருந்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒவ்வொரு தலையும் வெளியே வரச் சிசிலியா எட்டி எட்டி முகம் பார்த்தாள். கடைசியில் பஸ் வெறுமையானது. அவன் இல்லை. இறங்கின ஒருவனைப் பிடித்துக் கேட்டாள்.

"அருளப்புவோ? நான் காணேல்லை அக்கா. ஆனால் இன்னும் ஆக்கள் உள்ளுக்கை இருக்கினம்."

திரும்பி வரும்போது பெர்னடெட்தான் விம்மி விம்மி அழுதாள். மடியில் இருந்த பை சரிந்தது. உள்ளே ஒரு புதுச் சாறம், ஒரு சேட்டு. செத்துப்போனான் என்று பூசை கொடுத்தவள், தம்பி உடுத்துக்கொண்டு வர உடுப்பு வாங்கியிருக்கிறாள். சிசிலியா அதைப் பார்த்தாள். மச்சாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று பின்னேரம் இரண்டு வீடும் ஒரே பாயில் இருந்து செபமாலை சொன்னது. உயிரோடு இருக்கிறவர்களுக்கான மந்திரத்தில் சிசிலியா, "அருளப்பு சுகமாய் வீடு வந்து சேரவேணும்" என்று சொன்னாள். பிறகு எழும்பவில்லை. உத்தரிக்கிற ஆத்துமங்களுக்காக என்று தொடங்கி, தாயின் பெயர், தகப்பனின் பெயர் சொன்னாள். அடுத்த பெயருக்கு வாய் எடுக்கப் பெர்னடெட் பாய்ந்து அவளுடைய வாயைப் பொத்தினாள்.

"வேண்டாமடி! அவன்ரை பேரைச் சொல்லாதை!"

சிசிலியா அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

"ரெண்டிலையும் சொல்லுவம் மச்சாள். அவர் எங்கை இருக்கிறாரெண்டு எங்களுக்குத்தானே தெரியாது."