பூஜ்யம் காட்டிய பேட்டரி

1. பிரிக்கச் சொன்னார்

அஸ்தம்பட்டியில் உள்ள லேப்டாப் சர்வீஸ் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி குமரேசன் அண்ணன் ஒரு பழைய பேட்டரியை மேசைமேல் வைத்தார்.

"இதைப் பிரிங்க மல்லிகா."

"வெடிக்குமாண்ணா?"

"ஒழுங்காப் பிரிச்சா வெடிக்காது."

ஒழுங்கு என்றால் என்ன என்று சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார். நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை அந்தப் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிறகு பள்ளிபாளையத்தில் தறிப்பட்டறை. அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுப் பழகிய விரல் என்பதால்தான் அண்ணன் என்னைச் சேர்த்துக்கொண்டார். பயந்த சுபாவம் என்பதை நான் சொல்லவில்லை. பஸ் ஏறிய பிறகு, கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற ஆள் நான்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பழைய லேப்டாப் பேட்டரியின் பிளாஸ்டிக் கூட்டைப் பிளந்தால் உள்ளே விரல் தடிமனில் ஆறு செல்கள் இருக்கும். கூடவே ஒரு சின்ன போர்டு. தேய்ந்துபோவது செல்தான். புது செல்களை நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் பண்ணி, அதே போர்டில் சேர்த்தால் பேட்டரி மறுபடி வேலைசெய்யும். மாற்றும்போது போர்டுக்குக் கரண்ட் நின்றால் பல போர்டுகள் பூட்டிக்கொள்ளும். அதனால் பழைய செல்லை அறுக்கும் முன்பே வெளியிலிருந்து சப்ளை கொடுத்துவிட வேண்டும். செல்களை நேரடியாகச் சால்டரிங் வைத்துச் சுடவே கூடாது.

நானாக ஒரு பழக்கம் சேர்த்துக்கொண்டேன். புதிதாகக் கட்டிய பேட்டரியை உடனே கொடுக்க மாட்டேன். மணல் போட்ட இரும்புச் சட்டியில் வைத்து, முழுக்கச் சார்ஜ் ஏற்றி, முழுக்க இறக்கி, மறுபடி ஏற்றுவேன். அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன். சூடு ஏறுகிறதா என்று பார்க்கத்தான் முதலில் செய்தேன். போகப்போக இன்னொரு காரணமும் புரிந்தது. போர்டுக்கு ஞாபகம் உண்டு. செத்த செல்களின் கணக்கையே அது வைத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை ஏற்றி இறக்கினால்தான் புது செல்லின் அளவைத் தெரிந்துகொள்ளும்.

"மல்லிகா அடைகாக்குது, யாரும் கூப்பிடாதீங்க" என்பார் அண்ணன், வந்திருக்கும் கஸ்டமர்களிடம்.

2. கேமராக்காரர்

போன கோடையில் திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து கந்தசாமி என்று ஒருவர் வந்தார். போர்வெல்லுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற தொழில். மோட்டார் உள்ளே மாட்டிக்கொண்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கனமான பழைய லேப்டாப் ஒன்றை மடியில் வைத்திருந்தார்.

"ஏனுங்கக்கா, இதுக்குப் பேட்டரி எங்கீமே கெடைக்கலீங்க. கட்டித் தர முடியுமுங்களா?"

"புது லேப்டாப் வாங்கிருங்களேன்" என்றார் அண்ணன்.

"கேமரா சாப்ட்வேர் புதுசுல ஏற மாட்டேங்குதுங்க. இதுதான் எனக்குச் சோறு போடுது."

"அப்ப வண்டி பேட்டரில இன்வெர்ட்டர் மாட்டி ஓட்டலாமே?"

"அதையும் பாத்தாச்சுங்க. இன்வெர்ட்டர் போட்டாப் படத்துல கோடு கோடா ஓடுது. பாறை எது, பைப்பு எதுன்னே தெரியலீங்க."

மறுநாள் காலையில் பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு வேலை. சரசு என்ற அம்மாவின் சன்னமல்லித் தோட்டம். போரில் பைப் அறுந்து மோட்டார் அடியில் விழுந்துவிட்டது. கொக்கி விட்டு எடுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கொக்கியை இறக்கினால் மோட்டாரில் கட்டிய கயிறு சுருண்டு மோட்டார் நிரந்தரமாக இறுகிவிடும். அப்புறம் அந்தப் போரை மூடிவிட்டு வேறு இடத்தில் தோண்ட வேண்டியதுதான். செடி ஏற்கெனவே காய ஆரம்பித்திருந்தது.

சாயங்காலத்துக்குள் பேட்டரியைக் கட்டி, ஒருமுறை சார்ஜும் ஏற்றிவிட்டேன். இறக்கிப் பார்க்க நேரம் இல்லை.

"நாளைக்கு மத்தியானம் வாங்க" என்றேன்.

"வெடிஞ்சதுமே ஆளுக மோட்டாரத் தூக்கற முக்காலியப் போட்டுருவாங்கக்கா. மத்தியானம் அவிய வேற போருக்குப் போகோணும்."

சோதிக்காத பேட்டரியைக் கொடுத்தனுப்பினால் நாள் முழுக்க எனக்கு வேலை ஓடாது. கொடுக்காவிட்டால் அந்த அம்மாவுக்குப் போர் போய்விடும்.

"அப்ப நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் தலையில் கைவைத்தார். "கோழி முட்டையோட கெளம்பிருச்சுடா சாமி!"

3. தோட்டம்

கந்தசாமியின் வேனில் மணல்சட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெதுவா, மெதுவா" என்றேன். "அக்கா, புள்ளத்தாச்சிய ஏத்திக்கிட்டுப் போனாக்கூட இவ்வளவு மெதுவாப் போக மாட்டனுங்க" என்றார் அவர்.

தோட்டத்தில் முக்காலி தயாராக நின்றது. பேட்டரியை மாட்டி லேப்டாப்பை ஆன் செய்தார். நூறு காட்டியது. கேமரா இறங்கியது. பூமிக்குள் இப்படி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கேசிங் பைப் முடிந்ததும் ஈரப்பாறை. ஒரு இடுக்கிலிருந்து வேர் ஒன்று தலைமுடி மாதிரி தொங்கியது. அப்புறம் தண்ணீர், கண்ணாடி போல.

ஆனால் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. எண்பது. ஐம்பத்தைந்து. முப்பது. கேமரா அடியைத் தொட்டபோது பதினொன்று.

"தெரியுது, தெரியுது!" என்றார் கந்தசாமி. அறுந்த பைப்பின் வாய் சுவரில் சாய்ந்திருந்தது. அதன்மேல் கயிறு பாதிச் சுருளாகக் கிடந்தது. கயிறு இல்லாத பக்கமாக மட்டும் கொக்கி போக வேண்டும். ஆட்கள் கொக்கியை இறக்கப் போனார்கள்.

கந்தசாமி எண்ணைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அக்கா, பாட்டரி போச்சுதுங்க. கொக்கி உள்ள இருக்கறப்பப் படம் போச்சுன்னா, என் கேமராவும் சேந்து மாட்டிக்கும். தூக்கீருட்டுமா?"

"தூக்குனா?"

"மறுக்கா விடறப்பத் தண்ணி கலங்கிரும். தெளியறதுக்கு நாளைக்கு ஆயிரும்."

சரசம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சாமி, ஆகாதா?" என்று மட்டும் கேட்டார்.

லேப்டாப்பின் அடியில் கைவைத்தேன். சூடு இல்லை. போர்டு பழைய செல்லின் கணக்கைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவது வேறு, நிச்சயம் வேறு. ஆறு செல்லில் ஒன்று சொத்தையாக இருந்தால் அந்த எண் நிஜம். வெல்டிங் பண்ணும் முன்பு ஒவ்வொரு செல்லையும் அளந்தேனா என்று யோசித்தேன். அளந்திருந்தேன். அளந்தது சரிதானா என்று பயந்து மறுபடியும் அளந்திருந்தேன். அதற்கு மேல் அளக்க அதில் ஒன்றும் இல்லை.

"கொஞ்சம் தள்ளுங்க" என்று சொல்லி, பேட்டரி குறைந்தால் லேப்டாப் தானாக அணைகிற செட்டிங்கை நிறுத்தினேன். சில லேப்டாப்புகள் அப்படியும் பூஜ்யத்தில் அணைந்துவிடும். அதையும் அவரிடம் சொன்னேன்.

"உங்க கேமரா, நீங்கதான் சொல்லோணும். என்னைக் கேட்டா, இறக்கலாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "கேஸை மூடுனமான்னு வழி பூராப் பொலம்பிக்கிட்டு வந்தீங்க. நீங்களே இறக்கச் சொல்றீங்களா?" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, "உடுங்கப்பா!" என்றார்.

கொக்கி படத்தில் வந்தபோது மூன்று. "எடப்பக்கமா… இன்னங் கொஞ்சம்… நில்லு!" இரண்டு. ஒன்று. எண் பூஜ்யம் ஆனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறங்கக்கா, படம் ஓடுது" என்றார் கந்தசாமி.

பூஜ்யத்திலேயே ஓடியது. கயிற்றை உரசாமல் கொக்கி நழுவிப்போய்ப் பைப்பின் கழுத்தைக் கவ்வியது. முதலில் கேமராவைத் தூக்கிக்கொண்டார்கள். பிறகு முக்காலி முனகியது, கம்பி இழுபட்டது. சேறு பூசிய மோட்டார் வெளியே வந்து மண்ணில் படுத்தது. சரசம்மா யார் யாருக்கு டீ, யாருக்கு மோர் என்று கேட்க ஆரம்பித்தார். லேப்டாப்பைக் கந்தசாமிதான் அணைத்தார். அதுவாக அணையவில்லை.

பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, முறைப்படி ஏற்றி இறக்கிக் கொடுத்தேன். இப்போது எண்ணும் ஒழுங்காகக் காட்டுகிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஏற்றி இறக்காமல் பேட்டரியை வெளியே விடாதீர்கள். வேறு வழியே இல்லாமல் விட வேண்டிவந்தால், கூடவே போங்கள். கடையில் உட்கார்ந்து பயப்படுவதால் யாருக்கும் லாபமில்லை. வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பயந்தால், கைவைத்துப் பார்க்கவாவது முடியும்.