ஊமை ஆச்சி போட்ட ஊறுகாய்

வீடு வீடாக ஊறுகாய் விற்பவர்களுக்குக் கால் அப்புறம்தான் வலிக்கும், முதலில் தொண்டை. கதவு தட்டிப் பிழைக்கும் கூட்டாளிகளே, உங்களைச் சிரிக்க வைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், அழவேண்டியதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பயிற்சி

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நாங்கள் பன்னிரண்டு இருளப் பெண்கள், பாம்பும் எலியும் பிடித்துப் பிழைத்த குலம். வெளியே விடாமல் வேலை வாங்கிய ரைஸ் மில்லிலிருந்து அதிகாரிகள் எங்களை மீட்டு, மகளிர் சங்கம் ஆரம்பித்து, ஊறுகாய் போடக் கற்றுக்கொடுத்தார்கள். விற்றால் சங்கம், விற்காவிட்டால் மறுபடி மில். யாரிடம் விற்பது என்று கேட்டோம். பயிற்சி மேடம் மூக்காலேயே சொன்னார் (நான் அப்படியே பேசிக் காட்டுவேன்): "அதெல்லாம் ஸ்கீம்ல வராதும்மா."

ருசி

அம்பத்தூரில் ஒரு வீட்டம்மா விரலால் தொட்டு நக்கி, "சூப்பரா கீதே!" என்றார். யார் போட்டது என்று கேட்டார். பதினாறு வயது எனக்கு, உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். வாசலிலேயே துப்பினார். "அய்யே, எலி துன்றவங்களா நீங்க?"

ஆச்சி

அன்றைக்கே குரலை மாற்றினேன். கொரட்டூரில் ஒரு கல்யாண வீடு. "காரைக்குடிங்க ஆச்சி, எங்க பெரியாச்சி கைப்பக்குவம்" என்று இழுத்தேன். வீட்டம்மா சொக்கிப்போனார். பந்தி முழுக்க எங்கள் ஊறுகாய்தானாம். சங்கம் பிழைத்தது!

ஜாடிகளைக் கொடுக்க அம்மாவையும் கூட்டிப்போனேன். "நீதான் பெரியாச்சி. ஆனா ஊமை. வாயைத் தொறந்தே, கெட்டோம்."

"இன்னாடி கூத்து இது?" என்றாள் ஊமை.

ஜாடிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது சமையல் கொட்டகையில் அலறல். விறகுக் கட்டுக்குள் நல்ல பாம்பு, எதிரே வீட்டம்மாவின் சின்ன மகள். ஆளாளுக்கு ஓடினார்கள். ஊமை ஆச்சி முந்தானையை இடுப்பில் செருகினாள், வாலைப் பிடித்துத் தூக்கினாள், சாக்குக்குள் விட்டு வாயைக் கட்டினாள். கத்தரிக்காய் பொறுக்கிப் போடுகிற மாதிரி.

"தெய்வமே!" என்று வீட்டம்மா கும்பிட்டார். பிறகு சாக்கைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார். கும்பிட்ட கை மெல்ல இறங்கியது.

"இந்தக் கையாலயா ஊறுகா போட்டே? பாம்போட சேத்து அதையும் எடுத்துக்கினு போ."

இப்போது மறுபடி அதே மில் களத்தில் நெல் துழாவுகிறோம், யார் கை என்று நெல் கேட்பதில்லை.