அத்தான் வண்டியை நிறுத்திய நாள்

அத்தானின் மோட்டார் சைக்கிளுக்கு அவரைவிட நாலு வயது அதிகம். அதனால் அதனிடம் அவர் மரியாதை குறையாமல்தான் பேசுவார். காலையில் மேலே போர்த்திய துணியை விலக்கி, "எழுந்திருங்க, நேரமாச்சு" என்பார். மேட்டில் திணறினால், "மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்பார். சமையலறை ஜன்னல் வழியாக அக்கா இதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். என்னை ஒரு நாளாவது வாங்கன்னு கூப்பிட்டிருக்காரா, கேளுடா" என்பாள் என்னிடம்.

நான் கேட்டதில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் போவது பாவம்.

அத்தானுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரப் போர்வைகளை உலர்த்தும் பெரிய டிரம் அவர் பொறுப்பு. அதை நடுவில் நிறுத்தினால் உள்ளே கிடக்கும் நாற்பது போர்வையும் கட்டியாகச் சுருண்டுகொள்ளும். பிரிக்க அரை நாள் ஆகும். "ஓடுறதை நிறுத்தாதே" என்பது அவர் அங்கே கற்றுக்கொண்ட ஒரே பாடம். அதே ஆஸ்பத்திரியில் நான் மாடித் தையல் அறையில் கிழிந்த போர்வைகளுக்கு ஒட்டுப் போடுகிறேன். அக்கா கீழே வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கிறாள். பெரிய டாக்டரின் மாமியாரையே ஒரு முறை வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னவள். அந்த அம்மாள் போனார்.

வண்டி முதலில் ஒரு டாக்டருடையது. அவர் ஓய்வு பெற்றபோது, கொட்டகையைக் காலி செய்தால் போதும் என்று அத்தானிடம் கொடுத்துவிட்டார். எட்டு மாதம் கழற்றி மாட்டி அத்தான் அதை ஓட வைத்தார். ஒரே ஒரு குறை. சூடான பிறகு நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது; சற்று நின்றாலே பெரும்பாலும் தானாக அணைந்தும்விடும். முக்கால் மணி நேரம் ஆற வேண்டும். மெக்கானிக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள தீப்பொறி குடுக்கிற காயிலுக்கு வயசாயிடுச்சு. இதுக்குப் பொருள் இப்ப வர்றதில்ல" என்றார்.

"நம்மளும் வயசானா உட்கார்ந்து எழுந்திருக்க நேரமாகுது இல்லையா" என்றார் அத்தான். வண்டியின் மேல் அவருக்கு வருத்தமே வரவில்லை.

பழைய வண்டிகள் சங்கத்தில் சேர்ந்தார். அங்கே வருடத்துக்கு ஒரு முறை நேரக்கணக்கு ஓட்டம் நடக்கும். முந்திப் போகிறவருக்கு அதில் பரிசு கிடையாது. வழியில் போட்டிருக்கும் ஒவ்வொரு சோதனைச் சாவடிக்கும் சீட்டில் குறித்த நிமிஷத்தில் போய்ச் சேர வேண்டும். பிந்தினாலும் குற்றம், முந்தினால் அதைவிடக் குற்றம். அதனால் நரைத்த மீசைக்காரர்கள் எல்லாம் சாவடிக்கு முந்தின திருப்பத்தில் சுவர் ஓரமாக ஒளிந்து நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நம் நிமிஷம் வந்ததும், அப்போதுதான் வருவது போல வர வேண்டும்.

அத்தானால் ஒளிந்து நிற்க முடியாது. முதல் வருடம் இரண்டாம் சாவடியில் முத்திரைக்காக நின்றார், அங்கேயே நின்றார். இரண்டாம் வருடம் ரயில்வே கேட்டில் நின்றார். இரண்டு முறையும் நானும் அவரும் வண்டியை வீடு வரை தள்ளினோம்.

மூன்றாம் வருடம் சங்கச் செயலாளர் வந்து, மூன்று முறை தொடர்ந்து முடிக்காவிட்டால் ஓட்டுநர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். அதற்குப் பிறகு 'நலம் விரும்பிகள்' பட்டியல். நலம் விரும்பிகளுக்குக் கூட்டத்தைத் தடுக்கக் கயிறு பிடிக்கிற வேலை.

அத்தான் அன்று இரவு சாப்பிடவில்லை. "அவங்களை ஒதுக்கி வெச்சிட்டு நான் எப்படிக் கயிறு பிடிப்பேன்?" என்றார். அக்கா, "அவங்களா? யாரு அவங்க?" என்று கேட்டுவிட்டுத் தட்டை எடுத்துப் போனாள்.

மறுநாள் அத்தான் விதிப்புத்தகத்தில் சாவடிகள் பற்றிய பக்கத்தை நாலு முறை படித்தார். சீட்டில் முத்திரை விழ வேண்டும் என்று இருந்தது. வண்டி நிற்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

"மாப்ள, நீ பின்னாடி உக்காரு. சாவடி வந்ததும் குதி. முத்திரை வாங்கு. நான் வட்டம் போட்டுட்டே இருப்பேன். ஓடி வந்து ஏறிக்க."

"அத்தான், எனக்கு நாற்பத்தெட்டு வயசு."

"அவங்களுக்கு அறுபது."

ஓட்டத்தன்று காலையில் குளித்துக் கும்பிட்டு, முழங்காலுக்காகத் தனியாக ஒரு வேண்டுதல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

முதல் சாவடி நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவதில் செருப்பு ஒன்று போயிற்று. ரயில்வே கேட் அந்த வருடமும் மூடியிருந்தது. அத்தான் பக்கத்துப் பெட்ரோல் பங்குக்குள் திருப்பி வட்டம் போட ஆரம்பித்தார். பங்குக்காரர் குழாயை எடுத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்தார்.

"எவ்வளவு போடணும்?"

"ஒண்ணும் வேணாங்க. ரயிலுக்காக."

"ரயிலா?"

அடுத்த சுற்றில் அத்தான் விளக்கம் சொன்னார். அதற்கடுத்த சுற்றில் பங்குக்காரர் குழாயை மாட்டிவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு ரயில் போனது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்க ரயிலும் போக வேண்டுமாம். எனக்குத் தலை சுற்றியது. கண்ணை மூடிக் கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐம்பத்து மூன்று வட்டம் என்று பிறகு பங்குக்காரர் சொன்னார்.

மூன்றாம் சாவடியில் முத்திரை வாங்கியபோது எங்கள் நேரம் இருபத்தேழு நிமிஷம் பிந்தியிருந்தது. முப்பதைத் தாண்டினால் முடித்த கணக்கில் வராது.

முடிவுக்கோடு ஒரு மைதானத்தில். மேஜை போட்டு, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் வளையாதவள் என்று சங்கமே கேட்டு அவளை அங்கே வைத்திருந்தது. நாங்கள் சேர வேண்டிய நேரம் பன்னிரண்டு நாற்பது. கடைசிக் கெடு ஒன்று பத்து. மைதானத்துக்குள் நுழைந்தபோது ஒன்று எட்டு.

நான் குதித்தேன். சீட்டை நீட்டினேன். அக்கா தொடவில்லை.

"வண்டி கோட்டுல நிக்கணும். இஞ்சின் அணையணும். அப்பதான் நேரம் எழுதுவேன்."

"மத்த சாவடியில அப்படி இல்லையே அக்கா!"

"இது சாவடி இல்ல. முடிவு. அடுத்த பக்கத்துல இருக்கு."

அடுத்த பக்கத்தை அத்தான் படித்திருக்கவில்லை. அதுவரைக்கும் தேவைப்படவில்லை.

அவர் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். "என்ன மாப்ள, போட்டாச்சா?"

"நிறுத்தணுமாம் அத்தான்!"

"நிறுத்தினா கிளம்பாதே!" என்றபடி அடுத்த வட்டத்துக்குப் போய்விட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. கூட்டம் எழுந்து நின்றது. செயலாளர் விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றார்.

நேரம் குறிப்பவர் ஓட்டுபவருக்கு யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. அக்கா சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஒண்ணு ஒம்பது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, காய்கறி விலை கேட்பது போல, "டேய், உங்கத்தானுக்கு இன்னிக்கு இதுக்கு மேல எங்கயாவது போக வேண்டியிருக்கா?" என்றாள்.

"எங்கயும் இல்லையே. வீட்டுக்குத்தான்."

"சும்மா கேட்டேன்."

எனக்கு உறைக்க ஒரு வட்டம் ஆயிற்று. கத்திக்கொண்டே வண்டியின் குறுக்கே ஓடினேன். "அத்தான்! கிளம்ப வேண்டாம்! இனிமே கிளம்பவே வேண்டாம்! முடிஞ்சிருச்சு!"

அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். பாதி வட்டத்தில் தலையைத் திருப்பிக் கோட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக வந்து, சக்கரத்தைச் சுண்ணாம்பின் மேல் வைத்து, "உட்காருங்க. போதும்" என்று சொல்லி அணைத்தார்.

அக்கா எழுதினாள். ஒன்று ஒன்பது, நாற்பத்தெட்டு விநாடி.

முடித்தவர்கள் பதினேழு பேர். அத்தான் பதினேழாவது. அன்று முக்கால் மணி நேரம் ஆறிய பிறகும் அவர் உதைத்துப் பார்க்கவில்லை. "அவங்க இன்னிக்கு நிறைய ஓடிட்டாங்க" என்றார். ஆகவே ஆறு கிலோமீட்டர் தள்ளினோம். எனக்கு ஒரு காலில் மட்டும் செருப்பு. அக்கா கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தாள். மேட்டில் மட்டும் அவளும் ஒரு கை கொடுத்தாள்.

"கனமாத்தான் இருக்காங்க" என்றாள்.

அடுத்த வாரம் சங்கத்துப் பலகையில் புதுப் பட்டியல் ஒட்டினார்கள். ஓட்டுநர்கள் என்ற தலைப்பின் கீழ், கடைசி வரியில் அத்தான் பெயர் இருந்தது. பார்க்க என்னையும் கூட்டிப் போனார். பஸ்ஸில்தான் போனோம். வண்டியில் போனால் அங்கே நிறுத்த வேண்டியிருக்கும்.